யாருக்குச் சொன்ன வாக்கு

கணவன் மனைவி சண்டை எந்த வீட்டில்தான் இல்லை? என் வீட்டில் சண்டை வந்தால், நான் ரேஷன் கடைச் சாவியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுவதைப் பற்றியதாக இருக்கும். இல்லாவிட்டால் என் மச்சினன் கல்யாணத்துக்குச் செய்த முறை பற்றியதாக இருக்கும். பக்கத்து வீட்டு மரிய அந்தோணிக்கும் அமலராணிக்கும் சண்டை வந்தால் அது இஸ்ரேலைப் பற்றியது. ஆவூர் போகிற தார்ச்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தைலமரக் காட்டுக்கும் வறண்ட கண்மாய்க்கும் நடுவில் கிடக்கிறது எங்களூர். இங்கே உட்கார்ந்துகொண்டு, கடல் தாண்டி இருக்கிற ஒரு தேசத்துக்காக இரண்டு பேர் பேச்சை நிறுத்தி, தனித்தனியாகச் சோறு போட்டுச் சாப்பிட்டார்கள் என்றால் கேட்கிறவன் சிரிப்பான். நானும் முதலில் சிரித்தேன்.

அந்தோணியும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவனுடைய கொல்லைக்கும் என்னுடையதற்கும் நடுவில் ஒரு வரப்பு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முள்வேலி. அவன் எங்களூர் மாதா கோயிலுக்கு உபதேசியார். பங்குச் சாமியார் வராத ஞாயிறுகளில் செபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, சாவு வீட்டில் செபமாலை சொல்வது எல்லாம் அவன்தான். மீதி நேரத்துக்குக் கடலை, கொஞ்சம் கம்பு, இரண்டு பசு.

அமலராணியும் அதே கோயிலில் தேருக்கு முன்னால் பாட்டுப் பாடியவள்தான். வயிற்றில் கட்டி வந்து, டாக்டர் அறுக்க வேண்டும் என்று சொன்ன சமயம், யாரோ கீரனூர்ப் பக்கத்தில் ஒரு சபைக்குக் கூட்டிப் போனார்கள். பாஸ்டர் கோபிநாத் தலையில் கை வைத்து ஜெபித்தார். அடுத்த ஸ்கேனில் கட்டி சிறுத்திருந்தது. அது மாத்திரையாலா ஜெபத்தாலா என்று அந்தோணி ஒரு வார்த்தை கேட்டான். அவ்வளவுதான், அவள் அந்தச் சபையைப் பிடித்துக்கொண்டாள். தோட்டைக் கழற்றினாள், பூ வைப்பதை விட்டாள், மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போடுவதையும் விட்டாள்.

இஸ்ரேல் அந்தச் சபை வழியாகத்தான் எங்களூருக்கு வந்தது. நான் முருகனைக் கும்பிடுகிறவன், எனக்கு இதெல்லாம் அரைகுறையாகத்தான் புரியும். புரிந்தது இவ்வளவுதான். வேதத்தில் கடவுள் இஸ்ரவேலுக்குக் கொடுத்த வாக்குகள் எல்லாம் இன்றைக்கு அங்கே இருக்கிற யூதர்களுக்கே சொந்தம் என்பது பாஸ்டரின் போதனை. அவர்கள் அந்த மண்ணுக்குத் திரும்பியதே கடைசிக் காலத்தின் முதல் அடையாளம். யுத்தம் வரும், கோயில் மறுபடி எழும்பும், அப்புறம் ஏசு வருவார். அந்தோணி சொல்வது வேறு. ஏசு வந்த பிறகு திருச்சபைதான் புதிய இஸ்ரயேல், அந்த வாக்குகள் நமக்குச் சொந்தம், ஒரு கவர்மெண்டு குண்டு போடுவதற்கும் வேதத்துக்கும் சம்பந்தமில்லை.

“ரெண்டு பேருமே ஏசுவத்தான கும்புடுறீங்க, அப்புறம் என்னப்பா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“உடையப்பா, ஒனக்குச் சொன்னா வெளங்காது” என்றான் அந்தோணி. வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அமலராணி, “ஒங்களுக்கே வெளங்கலையே, அண்ணனுக்கு எப்புடி வெளங்கும்?” என்றாள். அன்றைக்கும் அவர்கள் தனித்தனியாகத்தான் சாப்பிட்டார்கள்.

சண்டை கறிச்சட்டி வரைக்கும் வந்துவிட்டது. கோட்டைப்பட்டினத்திலிருந்து சேக்தாவூது பாய் வாரம் ஒரு நாள் சின்ன வேனில் ஐஸ் போட்டு மீன் கொண்டுவருவார். எங்களூருக்குக் கடல்மீன் காட்டியவரே அவர்தான். காஸா சண்டை ஆரம்பித்த பிறகு அமலராணி அவரிடம் மீன் வாங்குவதை நிறுத்தினாள். அவர் என்ன செய்தார், பாவம், அந்த ஊரை அவர் டிவியில்தான் பார்த்திருப்பார். அந்தோணி வீம்புக்குப் போய் வாங்கி வந்தான். அவள் தொடவில்லை. அவனே மஞ்சள் போட்டுக் கழுவி, புளியைக் கூடக் கரைத்து ஊற்றி, வாயில் வைக்க முடியாத ஒரு குழம்பு வைத்து, எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினான். நட்புக்காக நான் அதைச் சாப்பிட்டேன்.

இதற்கு நடுவில் மாட்டிக்கொண்டவன் அவர்கள் பெற்ற ஒரே பிள்ளை. அருள்மணி. சென்ட்ரிங் வேலை பார்ப்பவன். திருச்சியில் கற்றுக்கொண்டு, மஸ்கட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்தவன். அதிர்ந்து பேச மாட்டான். அப்பா அழைத்தால் கோயிலுக்குப் போவான், அம்மா அழைத்தால் சபைக்குப் போவான். இரண்டு இடத்திலும் கடைசி வரிசையில் நிற்பான். இஸ்ரேலில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அன்னவாசல் பையன் விக்ரமும் இவனும் சேர்ந்து போய்ப் பலகை அடித்துக் காட்டித் தேறினார்கள்.

அமலராணிக்குத் தலைகால் புரியவில்லை. “நம்ம வீட்டுப் புள்ளை கால் அந்த மண்ணுல படப்போகுது” என்று தெருவெல்லாம் சொன்னாள். சபையில் அவனை மேடையில் நிறுத்தி, நீலமும் வெள்ளையுமான கொடியைத் தோளில் போட்டு ஜெபித்தார்கள். அந்தோணி அன்றைக்குக் கொல்லையில் வேலியடைத்துக்கொண்டிருந்தான். “அந்த வேலைக்கு அங்கன இருந்தவனை வெரட்டிட்டுத்தான் இவன எடுக்குறான். அது எந்த வேதத்துல இருக்கு?” என்று முள்ளைப் பார்த்துச் சொன்னான்.

போன இடத்திலிருந்து அருள்மணி ஒரு சேதி சொன்னான். அவர்கள் தங்கின தகர அறையில் ஆணியில் ஒரு செபமாலை தொங்கியது. முன்னால் அங்கே வேலை பார்த்த அரபிக்காரர் விட்டுப்போனது. பெத்லேகம் பக்கத்து ஆளாம், இப்போது உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லையாம். “அப்பா, அவரும் நம்மளமாதிரி மாதாவுக்குத் தேர் இழுக்குறவராம்ப்பா” என்றான். அந்தோணி அந்த வாரமெல்லாம் மனைவியை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தான். அவள் இதைப் பாஸ்டரிடம் கேட்டுவிட்டு வந்தாள். என்ன பதில் வந்ததோ, யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சபையில் புதுவருஷத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. இரவு ஆராதனை முடிந்ததும் வசனம் அச்சடித்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குக் கொடுக்கிற வாக்குத்தத்தம் அது. அமலராணி தனக்கு ஒன்று எடுத்தாள், மகன் பேரைச் சொல்லி இன்னொன்று எடுத்தாள். மகன் அட்டையில் ரோஜாப்பூப் படத்துக்குக் கீழே, உன் பிள்ளைகள் தங்கள் எல்லைக்குத் திரும்பி வருவார்கள் என்று இருந்தது. எரேமியா என்கிற தீர்க்கதரிசி சொன்னதாம். அதை லேமினேஷன் போட்டு அடுப்படிச் சுவரில் ஒட்டினாள். சோறு வடிக்கும்போதெல்லாம் அதைத்தான் பார்ப்பாள்.

ஈரான் ஏவுகணை விட ஆரம்பித்த வாரம், இங்கே ஆடிப்பட்டத்துக்கு விதைக்கடலை உடைக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. காயில் லேசாகத் தண்ணீர் தெளித்து, மூக்கைக் கட்டைவிரலால் அமுக்கி உடைக்க வேண்டும். மெஷினில் போட்டால் பருப்பின் தோல் கிழியும், தோல் கிழிந்தது முளைக்காது. கொஞ்ச நேரத்திலேயே விரல் கன்றிப்போகும். கடைக்கு விடுமுறை என்பதால் நானும் என் மனைவி செவந்தியும் அவர்கள் வீட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கு ஒரு முறம். வெயில் கொளுத்தியது. அமலராணி கம்பங்கூழில் மோரை விட்டு, சுட்ட கருவாட்டுடன் கொடுத்திருந்தாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

மகன் போன் வந்ததும் அவள் ஸ்பீக்கரைப் போட்டு முறத்துக்குள்ளேயே வைத்தாள்.

“அம்மா, நல்லாருக்கேன். பயப்படாதீங்க. ரெண்டு மூணு நாளா தூக்கமே இல்ல. சைரன் அடிச்சா பதுங்குற எடத்துக்கு ஓடணும். நேத்து பக்கத்துத் தெருவுல ஒரு கட்டடம் அப்புடியே ஒக்காந்துருச்சு.”

“கர்த்தாவே” என்றாள் அமலராணி.

“ஊருக்குப் போறவங்க பேரு குடுக்கச் சொல்றாங்கம்மா. பஸ்ல ஜோர்டான் கூட்டிப்போயி பிளைட் ஏத்தி விடுறாங்களாம். விக்ரம் குடுத்துட்டான். சாயங்காலத்துக்குள்ள நானும் சொல்லணும். வரட்டுமா, வேண்டாமா?”

“இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு? பேரக் குடு. கெளம்பி வா” என்றான் அந்தோணி.

“அவசரப்படாதீங்க” என்று அமலராணி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “அருளு, புதுவருசத்துக்கு ஒம் பேருக்கு என்ன வாக்கு வந்துச்சு? சொல்லு.”

“எல்லைக்குத் திரும்பி வருவேன்னும்மா.”

“கர்த்தர் திருப்பிக் கொண்டாருவேன்னு வாக்குக் குடுத்துட்டாரு. அவரு கொண்டாரதுக்கு முன்னாடி நீயா பயந்துக்கிட்டு ஓடியாந்தா அது அவிசுவாசம் இல்லையா? அந்த சனத்த ஆசீர்வதிக்கிறவங்கள ஆசீர்வதிப்பேன்னு சொல்லிருக்காரு. கஷ்டத்துல விட்டுட்டு ஓடியாரலாமா?”

“அடியே, அது பாபிலோனுக்கு அடிமையாப் போனவங்களுக்குச் சொன்னது” என்றான் அந்தோணி. “அட்டையில அச்சடிச்சுத் தட்டுல கவுத்து எடுத்தா ஒம் மகனுக்குச் சொன்னதாயிருமா? என்ன, கிளி சோசியமா?”

“ஏன், நீங்கதான பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்குறீங்க, நாமதான் புது இஸ்ரவேலுன்னு? அப்ப அந்த வாக்கு எனக்குத்தான? இல்லைங்குறீங்களா?”

அன்றைக்கு இரண்டு பேரும் கட்சி மாறிப் பேசினார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. வாக்கெல்லாம் யூதர்களுக்கு என்று படித்து வந்தவள் அதைத் தன் மகனுக்கு என்றாள். வாக்கெல்லாம் நமக்கு என்று படிப்பித்தவன் அது என்றைக்கோ யாருக்கோ சொன்னது என்றான்.

“ஒங்க பாஸ்டரு என்ன சொல்றாரு? நமக்குங்குறாரா, அவுங்களுக்குங்குறாரா?” என்று அந்தோணி திருப்பினான்.

“பாஸ்டரப் பேசாதீங்க. எசேக்கியேல்ல இஸ்ரவேல் மேல கோகு மாகோகு படையெடுத்து வர்றான், பெர்சியாவும் கூட வர்றான்னு எழுதிருக்கா இல்லையா? பெர்சியா யாரு? ஈரான். டிவியப் பாருங்க. கண்ணு முன்னாடி நடக்குது.”

“நாசமாப்போச்சு. எங்கப்பன் காலத்துல ரஷ்யாங்குனான், அப்புறம் ஈராக்குங்குனான், இப்ப ஈரானாக்கும். ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு வசனம். செத்தவனுக்கு ஒரு வசனம் சொல்லச் சொல்லு ஒங்க பாஸ்டர.”

“நீங்க மாதாவுக்கு மெழுகுவத்தி கொளுத்துங்க, போங்க. வேதம் படிக்கிறவுங்களுக்குத் தெரியும்.”

“எனக்கு வேதம் தெரியாதா? நான் உபதேசியாருடி.”

முறத்துக்குள்ளிருந்து, “அப்பா... அம்மா... இருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. செவந்திதான் பொறுக்க முடியாமல், “ஏ மதினி, புள்ளை கூப்புடுறான், அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“ரெண்டு பேரும் சேந்து ஒண்ணு சொல்லுங்கம்மா” என்றான் அருள்மணி. அதற்குப் பிறகு ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம், ஆட்கள் ஓடுகிற சத்தம். லைன் போய்விட்டது.

திரும்பத் திரும்பப் போட்டார்கள், போகவில்லை. அமலராணி முழங்காலில் விழுந்து சபையில் பழகிய, யாருக்கும் புரியாத அந்நிய பாஷையில் ஜெபித்தாள். அந்தோணி செபமாலையை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போனான். உடைத்த பருப்பைக் கோழி கொத்தியதைக் கூட யாரும் விரட்டவில்லை. பொழுது சாய்ந்த பிறகு அமலராணி போனுக்கு அவன் பேசி அனுப்பிய குரல்பதிவு ஒன்று வந்தது. “நல்லாருக்கேன்மா. நான் இங்கிட்டே இருந்துக்கிர்றேன். பேரு குடுக்கல. நீங்க ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க.”

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வரவா வேண்டாமா என்று கேட்ட பிள்ளை கடைசியில் பெற்றவர்களைச் சமாதானம் செய்தான். அவனுக்காக யார் சண்டை போட்டார்கள்? அவனை விட்டுவிட்டு இரண்டு பேரும் இஸ்ரேலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு வருவதற்கு முன்பே விக்ரம் ஊர் வந்து சேர்ந்தான். கொஞ்ச நாளில் சண்டையும் நின்றது. அருள்மணிக்கு ஒரு கீறல் கூட இல்லை. அமலராணி சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். பாஸ்டர் அந்த வசனத்தை எல்லாரையும் சேர்ந்து சொல்லச் சொன்னாராம். திரும்பி வருகையில் ஒரு பை நிறைய மிட்டாய் வாங்கிவந்து தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். அந்தோணிக்குத் தோற்றவன் முகமும் இல்லை. பிள்ளை பிழைத்தால் சரி என்று நினைத்தானோ என்னவோ, அந்த வாரம் சேக்தாவூது பாயிடம் வாங்கிய சீலா மீனை அவள் கையாலேயே குழம்பு வைக்கச் சொன்னான். அவளும் வைத்தாள். இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வேலி வழியாக அந்த வாசனை வந்ததும் செவந்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆடியில் நல்ல மழை. டிராக்டர் முன்னால் உழுதுகொண்டு போக, அமலராணியும் செவந்தியும் படைச்சாலில் கடலை போட்டுக்கொண்டே நடந்தார்கள். கையால் உடைத்த விதை, ஒன்று விடாமல் முளைத்தது. பொங்கலுக்கு அருள்மணி வருவான், வந்ததும் பெண் பார்க்க வேண்டும், மாதா கோயிலில் தாலி கட்டுவதா சபையில் கட்டுவதா என்று மெதுவாக அடுத்த சண்டைக்கு அடி போட்டார்கள். அது சந்தோஷமான சண்டை.

கடலை பூத்து, களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் விக்ரம் பைக்கில் வந்தான். பைக்கை ரோட்டில் நிறுத்திவிட்டு வரப்பில் நடந்து வந்தவன், பாதி வழியில் நின்றுவிட்டான். களைக்கொத்தோடு நிமிர்ந்த அந்தோணி, அவன் நின்ற நிலையைப் பார்த்ததுமே கொத்தைக் கீழே போட்டான்.

“சொல்லுப்பா.”

“அங்க கூட இருக்குற ஆந்திராப் பையன் போன் பண்ணுனான் சித்தப்பா.”

“சொல்லு.”

“சாரத்துல பலகை வழுக்கிருச்சாம். நாலாவது மாடி.”

“குண்டா?” என்று கேட்டாள் அமலராணி. எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம். “குண்டு போட்டாய்ங்களா?”

“இல்ல சித்தி. சைரன் எல்லாம் நின்னு ரொம்ப நாளாச்சு. காலையில டீ குடிச்சிட்டு ஏறிருக்கான். பனியில பலகை ஈரமா இருந்துச்சாம். அவ்வளவுதான்.”

அவள் அழவில்லை. வெட்டிய களையை வாரி வரப்பில் போட்டாள். திரும்பவும் வாரினாள். கடலைச் செடியையும் சேர்த்து வாருகிறாள் என்று பார்த்த பிறகுதான் செவந்தி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். பிடித்ததும் அந்தப் பூத்த செடிகள் மேலேயே விழுந்தாள்.

உடல் வந்து சேர ரொம்ப நாளானது. திருச்சி ஏர்போர்ட்டுக்கு அந்தோணியும் நானும் விக்ரமும் போனோம். விக்ரம் வேனில் பெட்டியோடு பின்னால் உட்கார்ந்து வந்தான். சாமான் பையைத் திறந்தபோது இரண்டு சட்டை, அளவு டேப், ஒரு சுத்தியல், அந்த அரபிக்காரர் செபமாலை. அமலராணி அதை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவளே பெட்டியின் கண்ணாடியைத் திறக்கச் சொல்லி, மகன் விரல்களில் சுற்றி வைத்தாள். அந்தோணி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டான்.

மாதா கோயில் கல்லறையில் அடக்கம். ஊருக்கெல்லாம் அடக்கச் செபம் சொன்னவன் தன் பிள்ளைக்குச் சொல்ல முடியாமல் நின்றான், சாமியார்தான் சொன்னார். சபை ஆட்கள் ஒரு பக்கம் வெள்ளை உடுப்பில் நின்றார்கள். பாஸ்டரும் வந்திருந்தார், கேட்டுக்கு உள்ளே வரலாமா கூடாதா என்று தயங்கியவரை நான்தான் கூட்டி வந்தேன். எல்லாருக்கும் பின்னால் ஒருவர் தொப்பியோடு நின்றார். யார் என்று பார்த்தால் சேக்தாவூது பாய். வேனை ரோட்டிலேயே நிறுத்தியிருந்தார், மீனையெல்லாம் விற்றாரோ என்னவோ. அமலராணி அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர், “மன்னிச்சுக்கம்மா, என்ன சொல்றதுன்னு தெரியல” என்று சொல்லிவிட்டு ஒரு பிடி மண் போட்டார்.

மறுநாள் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். சின்ன வயசுக்காரர், கண்கள் வீங்கியிருந்தன. வேஷம் போடுகிற ஆள் இல்லை அவர், அழுதுவிட்டுத்தான் வந்திருந்தார். பெஞ்சில் நானும் அந்தோணியும் இருந்தோம். அமலராணி எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

“சிஸ்டர், கர்த்தர் அருள்மணியப் பரிசுத்த தேசத்துலயே தம்மகிட்ட எடுத்துக்கிட்டார். எல்லாருக்கும் கெடைக்கிற பாக்கியமில்ல இது.”

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். சுவரிலிருந்து அந்த அட்டையைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். சுண்ணாம்பும் சேர்ந்து வந்திருந்தது.

“பாஸ்டர், இது எம் மகன் பேரச் சொல்லி எடுத்தது. திரும்பி வருவான்னு போட்டிருக்கு. இத நம்பித்தான் நான் அவன வரவேண்டாம்னேன்.”

பாஸ்டர் அட்டையைக் கையில் வாங்கினார்.

“சிஸ்டர், வேதத்த நாம சரியாப் பகுத்துப் பாக்கணும். இது நேரடியா இஸ்ரவேல் சனத்துக்குச் சொன்ன வாக்கு. அவுங்க தங்கள் எல்லைக்குத் திரும்பிட்டாங்க, நம்ம காலத்துலயே நெறவேறிருச்சு. நாம அத ஒரு ஆறுதலுக்குத்தான்...”

“அட்டை குடுத்தப்ப அதச் சொல்லலையே பாஸ்டர்.”

குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தேவலை. அந்தோணி தலையைக் குனிந்துகொண்டான். இத்தனை வருஷமும் இந்த விவாதத்தில் ஜெயிக்கத்தானே அவன் ஆசைப்பட்டான்? இப்போது பாஸ்டரைப் பார்த்து, பார்த்தீரா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் எழுந்து போய், ஆறிப்போன டீயை எடுத்துப் பாஸ்டர் கையில் கொடுத்து, “குடிங்க தம்பி” என்றான். அவர் குடிக்காமல் அழுதார். போகும்போது அட்டையைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அமலராணி எங்கும் போகவில்லை. சபைக்கும் இல்லை, பூசைக்கும் இல்லை. அந்தோணி போனான். ஞானோபதேசம் முடித்துத் திரும்பும்போது முன்னைப்போல் பிள்ளைகளோடு சத்தமாகப் பேசிக்கொண்டு வருவதில்லை.

ஐப்பசி மழை பிடிக்கிற சமயம் கடலை முற்றிவிட்டது. விட்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். பறிக்க ஆள் கிடைக்கவில்லை, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அறுவடை. நாங்கள் நான்கு பேரும் இறங்கினோம். முந்தின நாள் பெய்ததில் மண் இளகியிருந்தது, செடியின் தூரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தால் காய் முழுக்க வரும். உதறிப் போட்டுக்கொண்டே போனோம். முக்கால் கொல்லை முடிந்திருந்தது. நல்ல விளைச்சல். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

“என்னங்க” என்றாள் அமலராணி, நிமிராமல்.

“ம்.”

“அது அவுங்களுக்குச் சொன்னதுன்னு பாஸ்டர் சொல்லிட்டாரு. நீங்க நமக்குன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்குறீங்க. நமக்குன்னா அருளு ஏன் உசுரோட வரல?”

அந்தோணி கையில் இருந்த செடியை உதறினான். மண் போன பிறகும் உதறிக்கொண்டே இருந்தான்.

“தெரியல” என்றான்.

சின்ன வயசிலிருந்து அவனோடு பழகுகிறேன். வேதத்தைப் பற்றிக் கேட்டால் அவன் வாயில் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

“அன்னைக்கு அவன் ஒரு வார்த்தைதான் கேட்டான். நாம ரெண்டு பேரும் அவனுக்கு வேதம் சொன்னோம்” என்றாள்.

அந்தோணி அப்படியே வரிசையில் உட்கார்ந்துவிட்டான். செவந்தி அவனுக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள். மேற்கே மேகம் மறுபடி கறுத்து நின்றது.

“அந்த அட்டையில ஒரு வரிதான இருக்கு” என்றாள் அமலராணி. “அதுக்கு மேல வேதத்துல என்ன இருக்கு?”

“அத விடு.”

“சொல்லுங்க. ஒங்களுக்குத் தெரியும். வருசா வருசம் பாலன் பொறப்புக்கு அப்புறம், ஏரோது ராசா கொன்ன பச்சப்பிள்ளைகளுக்குப் பூசை வைப்பாங்களே, அன்னைக்கு நீங்கதான் வாசிப்பீங்க. நானும் கேட்டிருக்கேன். மறந்துபோச்சு. சொல்லுங்க.”

அவன் அவளைப் பார்க்காமல் ஈர மண்ணைப் பார்த்துச் சொன்னான். “ராகேல்னு ஒருத்தி அழுறா. அவ பிள்ளைக இல்லாமப் போயிட்டாங்க. யாரு தேத்துனாலும் தேறமாட்டேங்குறா.”

“அப்புறந்தான் அந்த வாக்கா?”

“ஆமா.”

அவள் ஒரு செடியைப் பிடுங்கினாள். காய்களை விரலால் தடவிப் பார்த்தாள், ஒன்று கூட அறுந்து மண்ணில் தங்கவில்லை.

“வாக்கு யாருக்குன்னு நீங்களும் பாஸ்டரும் சண்டை போட்டுக்கங்க” என்றாள். “அழுதவளச் சொன்ன வசனத்துக்குச் சண்டைக்கு வர ஒருத்தரும் இல்ல. அது எனக்குச் சொன்னதுதான்.”

செடியைக் குவியலில் போட்டுவிட்டு அடுத்ததைப் பிடித்தாள்.